திடீரென்று 388 யூனிட்: வாடகை வீட்டுக் கரண்ட் பில்லை யார் கட்டுவது?

கேள்வி: ஹட்டனில் ஒரு மாடி வீட்டில் இரண்டு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டுக்காரர் குடும்பம். எங்களுக்குத் தனி மீட்டர். பில் அவர் பெயரில் வரும், நாங்கள் கட்டுவோம். நானும் கணவரும் மகளும்தான். வழக்கமாக மாதம் 160 யூனிட் அளவில் வரும். இந்த முறை 30 நாளுக்கு 388 யூனிட் வந்திருக்கிறது. புதிதாக எந்தச் சாமானும் வாங்கவில்லை. குளியலறையில் வீட்டோடு இருந்த 50 லீட்டர் கீசர் இருக்கிறது. அதன் சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருக்கும், சூடானதும் தானாக நின்றுவிடும் என்று வீட்டுக்கார ஐயாதான் சொன்னார். இப்போது அவரே "விடிய விடிய ஹீட்டரைப் போட்டா வராம என்ன செய்யும்" என்கிறார். கட்டாவிட்டால் முற்பணத்தில் கழிப்பாராம். யார் கட்ட வேண்டும்?

பதில்: அந்த யூனிட் எங்கே போனது என்று தெரியும் வரை உங்கள் இருவரில் யார் தலையிலும் பில்லைக் கட்ட முடியாது, சகோதரி. எங்கே போனது என்று தெரிந்துவிட்டால் யார் கட்டுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அதிலேயே விடை வந்துவிடும். மீட்டர் வரைக்கும் மின்சார சபையின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டிச் சுவருக்குள் போகும் வயர், ட்ரிப் சுவிட்ச், வீட்டோடு பொருத்தித் தந்த கீசர், தண்ணீர் மோட்டர் ஆகியவை பழுதுபட்டால் வீட்டுக்காரர் பொறுப்பு. அவற்றை எவ்வளவு பாவிக்கிறீர்கள் என்பதும், நீங்கள் கொண்டுவந்து ப்ளக்கில் செருகிய சாமான்களும் உங்கள் பொறுப்பு. நம் நாட்டு வாடகை உறவுகளுக்கு அடியில் இருக்கும் உரோமன் டச்சுச் சட்டமும், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருக்கும் கடமையை வீட்டுக்காரரிடம்தான் வைக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். ஆகவே அதை எடுத்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். 388இலிருந்து 160ஐக் கழித்தால் 228 யூனிட் கூடுதல். ஒரு நாளைக்கு 7.6 யூனிட். ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி, அதாவது 1000 வாட் சாமான் ஒரு மணித்தியாலம் ஓடுவது. ஆகவே இருபத்து நான்கு மணித்தியாலமும் ஒரே சீராக ஓடியிருந்தால் சுமார் 317 வாட். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். யாராவது "இதுதான் காரணம்" என்று எதைக் காட்டினாலும், அது ஒரு நாளைக்கு 7.6 யூனிட்டைத் தின்னக்கூடியதா என்று கேளுங்கள். பாதிச் சந்தேகங்கள் அங்கேயே விழுந்துவிடும்.

"வயரிங் பழசு, அதுதான் கரண்டை இழுக்குது" என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. தளர்ந்த மூட்டு ஒன்று சூடாகும், கருகும், தீப்பிடிக்கவும் செய்யும். ஆனால் ஒரே மூட்டில் 317 வாட் சூடு நாள் முழுக்க இறங்கினால் அந்த சுவிட்ச்போர்ட் ஒரு மாதம் தாங்காது. முதல் நாளே பிளாஸ்டிக் கருகும் மணம் வந்திருக்கும். பழைய வயரிங்கை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது ஆபத்துக்காக. இந்தப் பில்லுக்கு அது காரணமாக இருக்க முடியாது.

முதலில் பில்லையே பாருங்கள். இப்போது பல வீடுகளுக்குப் பில் குறுஞ்செய்தியாக வீட்டுக்காரரின் தொலைபேசிக்கே போகிறது. குடியிருப்பவர் தொகையை மட்டும் கேட்டுக் கட்டிவிடுவார். முழுச் செய்தியையும் அனுப்பச் சொல்லுங்கள். அதில் முந்தைய வாசிப்பு, இந்த மாத வாசிப்பு, எத்தனை நாள் என்ற மூன்றும் இருக்கும். இன்று மீட்டரில் தெரியும் எண் பில்லில் உள்ள எண்ணைவிடக் குறைவாக இருந்தால் வாசித்ததில் பிழை. சபை திருத்தியே ஆக வேண்டும். கேற் பூட்டியிருந்து வாசிக்க வருபவர் மீட்டரை அணுக முடியாத மாதங்களில் சராசரிக் கணக்கில் பில் போட்டு, பிறகு சரியான வாசிப்பு கிடைக்கும் மாதத்தில் மீதியைச் சேர்ப்பதும் உண்டு. முந்தைய ஆறு பில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று மாதம் ஒரே எண்ணிக்கை வந்து, பிறகு இது வந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. பழைய தட்டு மீட்டர் என்றால் கடைசியில் சிவப்பில் உள்ள இலக்கம் பத்தில் ஒரு பங்கு. அதை முழு யூனிட்டாகச் சேர்த்து வாசித்துவிடாதீர்கள்.

பில் சரியாக இருந்தால் அடுத்தது மெயின் சுவிட்ச் சோதனை. வீட்டுக்கார ஐயாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரவு ஏழு எட்டு மணிக்குச் செய்யுங்கள். அவர் பார்க்காமல் நீங்கள் தனியாகச் செய்த சோதனைக்கு நாளைக்கு மதிப்பிருக்காது. உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்குங்கள். மீட்டரில் மினுங்கும் சின்னச் சிவப்பு விளக்கு நின்றுவிட வேண்டும். தட்டு மீட்டராக இருந்தால் தட்டு நிற்க வேண்டும். சிறிது நகர்ந்து நிற்பது பரவாயில்லை, ஒரு முழுச் சுற்றுச் சுற்றக் கூடாது. மெயின் இறங்கிய பிறகும் விளக்கு மினுங்கினால், மீட்டருக்கும் உங்கள் மெயினுக்கும் நடுவில் வேறு ஒரு லைன் எடுக்கப்பட்டிருக்கிறது, அல்லது மீட்டரில் கோளாறு. அதே நேரம் கீழ் வீட்டிலும் வெளியிலும் எந்த விளக்காவது அணைந்ததா, மோட்டர் நின்றதா என்றும் ஒருவர் பார்க்கட்டும். ஒரு வீட்டை இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விடும்போது மாடிப்படி விளக்கு, கராஜ், தண்ணீர் மோட்டர் எல்லாம் எந்த மீட்டரில் நிற்கின்றன என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதில் பெரும்பாலும் வஞ்சகம் கிடையாது. வயரிங் பாஸ் அன்றைக்குக் கைக்கு எட்டிய லைனில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார்.

மினுங்கல் நின்றுவிட்டால் மெயினைத் திரும்பப் போடுங்கள். ஆனால் எல்லா ப்ளக்கையும் கழற்றி, விளக்குகளை அணைத்து, கீசரையும் நிறுத்திவிட்டுப் போடுங்கள். இப்போதும் மினுங்கினால் பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பாருங்கள். எதை இறக்கும்போது நிற்கிறதோ அந்த லைனில்தான் விஷயம் இருக்கிறது. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 1600 அல்லது 3200 துடிப்பு என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். 1600 என்றால் 317 வாட்டுக்கு நிமிடத்துக்கு எட்டுத் தடவை அளவில் மினுங்கும். கைத்தொலைபேசியில் ஒரு நிமிட வீடியோ எடுத்து எண்ணுவது இலேசு. வீடியோ பிறகு அத்தாட்சியாகவும் நிற்கும்.

உங்கள் வீட்டில் எனக்கு அதிகம் சந்தேகம் கீசர் மீதுதான். ஆனால் ஐயா சொல்கிற காரணத்துக்காக அல்ல. ஒரு லீட்டர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 1.16 வாட்-மணி வேண்டும். மலையில் குழாய்த் தண்ணீர் 16, 17 பாகையில் வருகிறது. மூன்று பேர் ஆளுக்கு 20 லீட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளித்தால் ஒரு நாளைக்கு 1.6 யூனிட் போதும். நல்ல நிலையில் உள்ள 50 லீட்டர் கீசர் நாள் முழுக்கச் சூட்டைக் காத்துக்கொண்டு நிற்பதற்கு இன்னும் 1 முதல் 1.5 யூனிட் வரை எடுக்கும். இரண்டும் உங்கள் பழைய 160க்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆகவே சுவிட்ச் எப்போதும் போட்டபடி இருப்பது மட்டும் 228 யூனிட்டுக்கு விளக்கம் ஆகாது. இரண்டு வருடமாக அப்படித்தானே இருந்தது! தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டாலும் தண்ணீர் 85 பாகை வரை போய்ப் பாதுகாப்பு கட்-அவுட்டில் நிற்கும். சூடு கசிவது நாளுக்கு முக்கால் யூனிட் அளவில் கூடும், அவ்வளவுதான்.

சுடுதண்ணீர் எங்காவது ஒழுகினால் கதை வேறு. 16 பாகைத் தண்ணீரை 66 பாகைக்குக் கொண்டுவர லீட்டருக்கு 58 வாட்-மணி போகிறது. 7.6 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 130 லீட்டர் சுடுதண்ணீர், அதாவது நிமிடத்துக்கு 90 மில்லிலீட்டர். ஒரு தேநீர்க் கோப்பை இரண்டு நிமிடத்தில் நிறையும் மெல்லிய ஒழுக்கு. குளியலறைத் தரையில் ஓடினால் கண்ணில் படும். சுவருக்குள் புதைத்த சூட்டு பைப்பின் மூட்டில் ஓடினால் ஒருவருக்கும் தெரியாது. கீழ் வீட்டுக் கூரைத் தட்டில் ஓர் ஈரப் பொட்டு தெரியலாம், அல்லது சுவர் வழியே கானுக்குப் போய்விடலாம்.

மலைநாட்டில் இந்த ஒழுக்குக்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. மேட்டில் உள்ள பீலியிலிருந்தோ தாங்கியிலிருந்தோ பைப் போட்டு நேராக வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கிறோம். ஒவ்வொரு 10 மீட்டர் உயரத்துக்கும் ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. தாங்கி 80 மீட்டர் மேலே இருந்தால், இரவில் மற்ற வீடுகள் குழாயை மூடியதும் உங்கள் பைப்பில் 8 பார் நிற்கும். வீட்டுக் கீசர்களின் பாதுகாப்பு வால்வு திறக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். வால்வு சொட்டத் தொடங்கும், குழாய் வொஷர் தேயும், மூட்டு விடும். வீட்டுக்கு வரும் தண்ணீர்ப் பைப்பில் ஓர் அழுத்தக் குறைப்பு வால்வு போட்டு 3 பாருக்கு வைத்தால் பல வீடுகளில் தொல்லை தீரும்.

பார்ப்பது எப்படி? கடைசியாகக் குளித்து ஒரு மணித்தியாலம் கழித்து, கீசரிலிருந்து வெளியே போகும் சூட்டு பைப்பை ஓரிரு முழம் தள்ளித் தொடுங்கள். ஆறிப்போயிருக்க வேண்டும். இன்னும் சுட்டால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டினால் ஒரு கோப்பையில் பிடித்து, சூட்டை எச்சரிக்கையாகப் பாருங்கள். குளிர்ந்த சொட்டில் தண்ணீர்தான் வீண், சூடான சொட்டில்தான் கரண்ட் போகிறது. வால்வின் வாயை அடைத்துவிடாதீர்கள். அது அடைபட்ட கீசர் வெடிக்கக்கூடும். பிறகு இரண்டு நாள் சோதனை செய்யுங்கள். ஒரு நாள் கீசரைக் குளிக்கும் நேரத்துக்கு மட்டும் போட்டு, இரவு எட்டு மணிக்கும் அடுத்த இரவு எட்டு மணிக்கும் மீட்டரைப் படம் பிடியுங்கள். அடுத்த நாள் வழக்கம்போல் போட்டே வையுங்கள். நல்ல கீசர் என்றால் வித்தியாசம் ஒரு யூனிட் அளவில் நிற்கும். நான்கைந்து யூனிட் என்றால் ஒழுக்கு கீசர் பக்கம்தான்.

தண்ணீர் ஒழுகாமல் கரண்டே நிலத்துக்குள் ஒழுகுவதும் உண்டு. கீசருக்குள் இருக்கும் எலிமென்டின் உறை வெடித்தால் கரண்ட் தண்ணீர் வழியே எர்த்துக்குப் போகும். அந்தக் கரண்டையும் மீட்டர் எண்ணும். 317 வாட் என்பது 230 வோல்ட்டில் 1.4 அம்பியர் கசிவு. ஆனால் கவனியுங்கள். வீடுகளில் உள்ள ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழ வேண்டியது. அது வேலை செய்கிற வீட்டில் விழாமல் கசியக்கூடியது அதிகபட்சம் 7 வாட். மாதம் முழுக்கக் கசிந்தாலும் 5 யூனிட்தான். சிவனொளிபாதமலைப் பக்கம் மே தொடங்கி அடைமழை பெய்து சுவர் ஊறும் காலத்தில் "ஈரத்தில் கரண்ட் கசிஞ்சிருக்கும்" என்பார்கள். ட்ரிப் சுவிட்ச் நல்லபடி இருந்தால் இந்தப் பேச்சு எடுபடாது. ட்ரிப் சுவிட்சில் 'T' (டெஸ்ட்) என்று போட்ட பொத்தானை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால், அல்லது அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைத் தவிர்த்துக் கீசருக்கு நேரடியாக லைன் கொடுத்திருந்தால், பில்லை மறந்துவிட்டு முதலில் கீசர் பிரேக்கரை இறக்குங்கள். குளிக்கும்போது உயிரை எடுக்கும் கோளாறு அது. NVQ என்ற தேசிய தொழில் தகைமை உள்ள மின் வேலையாள் வந்து, கசிவைக் காட்டும் மெகர் கருவியால் எலிமென்டைச் சோதிக்கும் வரை போட வேண்டாம். சுவிட்சை நியூட்ரல் வயரில் கொடுத்திருக்கிறார்களா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கொடுத்தால் சுவிட்சை அணைத்த பிறகும் எலிமென்டில் கரண்ட் நிற்கும், கசிவும் நிற்காது. கீசருக்கு இரண்டு வயரையும் ஒன்றாக வெட்டும் இரட்டை முனைச் சுவிட்ச்தான் சரி.

அடுத்து மோட்டர். உங்கள் வீட்டுக்கு மோட்டர் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்து, அது உங்கள் மீட்டரில் நின்றால், அரைக் குதிரைவலு மோட்டர் ஓடும்போது 550 வாட் அளவில் எடுக்கும். ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் ஓடினால் உங்கள் 7.6 யூனிட் வந்துவிடும். தாங்கியின் மிதவை சுவிட்ச் சிக்கித் தண்ணீர் நிரம்பி வழிந்தாலோ, அடி வால்வு தேய்ந்து ஏற்றிய தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கே இறங்கினாலோ மோட்டர் இரவிலும் ஓடும். நடுச்சாமத்தில் காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

ஐயாவின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். 2000 வாட் அறை ஹீட்டர் ஒன்றை நான்கு மணித்தியாலம் போட்டால் 8 யூனிட். டிசம்பர், ஜனவரிக் குளிரில் விருந்தாளிகள் தங்கியிருந்தால், ஈரத் துணியை ஹீட்டருக்கு முன்னால் காய வைத்திருந்தால், அதை மனச்சாட்சியோடு எண்ணிப் பாருங்கள். அப்படி ஒன்று நடந்திருந்தால் முழுத் தொகையும் உங்களுடையதுதான்.

எதிலும் பிடிபடாவிட்டால் மீட்டரையே சோதிக்கலாம். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 1500 வாட் என்று எழுதிய மின் கேத்தலை மட்டும் தண்ணீர் நிரப்பிப் போடுங்கள். 1600 துடிப்பு மீட்டர் நிமிடத்துக்கு 40 தடவை மினுங்க வேண்டும். நம் வோல்ட் அளவு 230க்கு 6 சதவீதம் கூடவோ குறையவோ வரலாம் என்பதால் 35 முதல் 45 வரை வந்தால் மீட்டரில் குற்றம் இல்லை. 60, 70 என்று ஓடினால் மின்சார சபையின் பிரதேச அலுவலகத்தில் மீட்டரைச் சோதிக்கும்படி எழுத்தில் கேளுங்கள். கணக்கு ஐயாவின் பெயரில் இருப்பதால் கடிதத்தில் அவர் கையெழுத்து வேண்டும். சோதனைக்குக் கட்டணம் எவ்வளவு, பிழை என்று தெரிந்தால் அது திரும்பக் கிடைக்குமா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முறைப்பாட்டை 1987க்கு அழைத்துப் பதிந்து, இலக்கத்தைக் குறித்து வையுங்கள். சபையின் பதிலில் திருப்தி இல்லை என்றால் இலங்கை பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். மீட்டரின் ஈய முத்திரையை மட்டும் யாரும் தொட வேண்டாம். அது உடைந்திருந்தால் பேச்சு முழுக்க உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

இனிப் பணம். கூடுதல் 228 யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்காதீர்கள். 60 யூனிட்டைத் தாண்டிய வீட்டுப் பாவனைக்கு 60, 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. மேலே போகப் போக விலை கூடும், நிலைக் கட்டணமும் மாறும். உங்கள் கூடுதலில் 20 யூனிட் 180க்குள், மீதி 208 உச்சப் படியில் விழுந்திருக்கிறது. ஆகவே அந்த மாதம் நடைமுறையில் இருந்த கட்டணத்தில் 160 யூனிட்டுக்கு ஒரு பில், 388க்கு ஒரு பில் என்று இரண்டு தடவை கணக்குப் போடுங்கள். வித்தியாசம்தான் பிணக்குக்குரிய தொகை. 160க்கான தொகை எப்படிப் பார்த்தாலும் நீங்கள் கட்ட வேண்டியது.

புதைந்த பைப், எலிமென்ட், தவறான லைன், பொது மோட்டர் இவற்றில் ஒன்று என்றால் வித்தியாசத் தொகையை ஐயா ஏற்பதே நியாயம். ஒழுகுவதை நீங்கள் முன்பே பார்த்திருந்தும் சொல்லாமல் விட்டிருந்தால், பார்த்த நாளிலிருந்து உங்களுக்கும் பங்கு உண்டு. தெரியும் வரை பில்லை நிலுவையில் போட வேண்டாம். லைனை வெட்டினால் இருட்டில் இருக்கப் போவது நீங்கள். உங்கள் 160க்கான தொகையை உடனே கட்டி, மீதிக்கு ஐயா மூலம் சபையில் தவணை கேளுங்கள். முற்பணத்தில் கழிப்பதற்கு இன்றைக்கே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்: "ஐயா, இம்மாதம் 388 யூனிட் வந்துள்ளது. வழக்கமான 160 யூனிட்டுக்கான தொகையைக் கட்டியுள்ளேன். கீசர், ட்ரிப் சுவிட்ச், வயரிங் ஆகியவற்றை வரும் வாரத்துக்குள் மின் வேலையாள் ஒருவரைக் கொண்டு நம் இருவர் முன்னிலையில் சோதிப்போம். காரணம் தெரிந்த பின் மீதியைப் பற்றிப் பேசித் தீர்ப்போம். அதுவரை முற்பணத்தில் கழிக்க நான் சம்மதிக்கவில்லை." திகதி போட்டு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அது உங்களை வெளியேற்ற அவர் கையில் நீங்களே கொடுக்கும் காரணமாகிவிடும்.

பேசித் தீராவிட்டால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணி தேவையில்லை. மீட்டர் படங்கள், ஆறு மாத பில்கள், மின் வேலையாளின் எழுத்து அறிக்கை, நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதி ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அறிக்கையில் அவர் பெயர், தகைமை, சோதித்த திகதி, கண்ட கோளாறு, எடுத்த அளவுகள் இருக்க வேண்டும். கழற்றிய எலிமென்டையோ வெடித்த பைப் மூட்டையோ எறியாமல் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.